டிஸ்னியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி' (1959): அந்த நூறு ஆண்டுகள் எங்கே போயின?

பழங்கதை எழுதியது:

சார்ல் பெரோ 1697இல் பிரெஞ்சில் வெளியிட்ட கதையிலும், கிரிம் சகோதரர்கள் 1812இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கதையிலும், சைக்கோவ்ஸ்கியின் இசையோடு 1890இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய பாலேயிலும் இளவரசி நூறு ஆண்டுகள் உறங்குகிறாள். சாபமும் தேவதைகளும் இளவரசனும் எத்தனையோ கதைகளில் வருகிறார்கள். ஒரு தலைமுறை முழுவதும் மறைந்து, அதன் பிறகு விழிப்பு வருவது இந்தக் கதைக்கே உரியது.

டிஸ்னி நிறுவனம் 1959 ஜனவரியில் வெளியிட்ட படத்தில் அந்த நூறு ஆண்டுகள் இல்லை. பதினாறாம் பிறந்தநாளின் மாலையில் இளவரசி அரோராவின் விரல் சாபத்தின்படி ராட்டைக் கதிரில் பட, அவள் உறங்கிவிடுகிறாள். அதே இரவில் இளவரசன் பிலிப் சிறைப்படுகிறான், தப்புகிறான், டிராகனோடு போரிடுகிறான், அவளை எழுப்புகிறான். உறக்கம் ஓர் இரவைத் தாண்டியதாகப் படத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நூறு ஆண்டுகளுக்குப் பின் வருபவன் அவளுக்கு முன்பின் அறியாதவனாகவே இருக்க முடியும். இருவரும் முன்னரே காட்டில் சந்தித்து மனம் பறிகொடுத்திருக்க வேண்டும் என்று கதையாசிரியர்கள் முடிவு செய்துவிட்டால், நூறு ஆண்டுகளைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் அந்த நூறு ஆண்டுகள் ஓரிடத்தில் மட்டும் எஞ்சி நிற்கின்றன. நிலவறையில் சங்கிலியால் கட்டுண்ட பிலிப்பிடம், சாபமிட்ட தீய தேவதை மலெஃபிசென்ட் அவனுடைய எதிர்காலத்தை வர்ணிக்கிறாள்: நூறு ஆண்டுகள் உருண்டோடும், கதவு திறக்கும், நரைத்துத் தளர்ந்த கிழவன் தள்ளாடும் குதிரையில் ஏறித் தன் காதலியை எழுப்பப் புறப்படுவான். அவள் உறக்கத்தில் இளமையோடிருக்க, மூப்பு அவனை மட்டும் தின்னும். மூலக்கதையின் அடிப்படை எண்ணத்தையே எடுத்துக் கொடுமையாகத் திருப்பிய இந்தக் காட்சியைத்தான் படத்தின் மிகச் சிறந்த எழுத்து என்று நான் கருதுகிறேன். நூறு ஆண்டுகளை நீக்கியதால் கதை இழந்தது அதிகமா, பெற்றது அதிகமா என்பதில் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வெண்திரை எழுதியது:

நண்பர் பழங்கதை காலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்கு அதைவிடப் பெரிய இழப்பாகத் தோன்றுவது இளவரசிதான். 75 நிமிடப் படத்தில் அரோரா திரையில் இருப்பது ஏறக்குறைய 18 நிமிடங்கள். தான் இளவரசி என்பதையும், காட்டில் கண்டவனை இனிச் சந்திக்க இயலாது என்பதையும் அறிந்து அழுதுகொண்டு ஓடியபின், படம் முடியும்வரை அவள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. விழித்தெழுந்து, படியிறங்கி, பிறந்ததிலிருந்து காணாத தாயைத் தழுவிக்கொள்ளும்போதும் அவளுக்கு ஒரு வரி எழுதப்படவில்லை. பதினாறு ஆண்டுகள் பிரிந்திருந்த மகளுக்குத் தாயிடம் சொல்ல ஒன்றுமே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரோவின் கதையில் இளவரசி கண்விழித்ததும், இவ்வளவு காலம் காக்கவைத்துவிட்டீர்களே என்னும் பொருள்பட இளவரசனிடம் உரிமையோடு பேசுகிறாள். நான்கு மணி நேரம் பேசியும் சொல்ல நினைத்ததில் பாதியைக்கூட அவர்கள் சொல்லி முடிக்கவில்லை என்று பெரோ எழுதுகிறார். அவளுடைய உடை பாட்டி காலத்து உடைபோல் இருப்பதைக் கவனித்தும், அதை வாய்விட்டுச் சொல்லாமல் இளவரசன் நாகரிகம் காக்கிறான். 1697இல் எழுதப்பட்ட கதையில் பேசத் தெரிந்த பெண் 1959இல் ஊமையாக்கப்பட்டிருக்கிறாள். காலத்தை நீக்கியதோடு அவளுடைய பேச்சையும் நீக்கிவிட்டார்கள் என்பதே என் குறை.

படத்தின் உண்மையான தலைவர்கள் ஃப்ளோரா, ஃபானா, மெர்ரிவெதர் ஆகிய மூன்று தேவதைகள்தாம். முடிவெடுப்பவர்கள் அவர்கள், தவறு செய்பவர்கள் அவர்கள், சிறைக்குள் நுழைந்து பிலிப்பை விடுவித்து அவன் கையில் வாளும் கேடயமும் தருபவர்களும் அவர்களே.

தூரிகை எழுதியது:

மூன்று தேவதைகள் குறித்து வெண்திரை சொல்வதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் இந்தப் படத்தைக் கதையின் வழியாக மட்டும் அளந்தால், அதில் பாதியைத்தான் அளந்தவர்கள் ஆவோம். இதன் பின்னணி ஓவியங்களையும் வண்ணத் திட்டத்தையும் ஐவண்ட் எர்ல் என்ற ஒருவருடைய கண் ஆண்டது. அதுவரை டிஸ்னி படங்களில் பல ஓவியர்களின் மாதிரிப் படங்கள் அசைவூட்டக் கலைஞர்களின் கைக்கு வந்ததும் மென்மையாகிக் கரைந்துவிடும். இந்த முறை அவ்வாறு நேரக்கூடாது என்பதில் வால்ட் டிஸ்னி உறுதியாக இருந்து, எர்லுக்குப் பெரும் அதிகாரம் அளித்தார்.

தொடக்கம் நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒற்றைக்கொம்புக் குதிரை வேட்டையைச் சித்திரிக்கும் நெசவுத் திரைகள். டிஸ்னி ஓவியர் ஜான் ஹென்ச் அவற்றைக் கண்டு, படத்தின் தோற்றத்துக்கு அதுவே வழிகாட்டலாம் என்று எண்ணினார். எர்ல் அதோடு நிற்கவில்லை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்ரி கோமகனுக்காக லிம்பர்க் சகோதரர்கள் வரைந்த வழிபாட்டு நூலின் ஓவியங்கள், வான் ஐக், டியூரர், புரூகல் ஆகியோரின் படைப்புகள், பாரசீகச் சிற்றோவியங்கள், ஜப்பானிய அச்சோவியங்கள் ஆகிய அனைத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார். விளைவு, அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒரே கூர்மையோடு தெரியும் ஓர் உலகம். மரத்தின் அடிமரம் நேர்க்கோட்டில் செங்குத்தாக எழுகிறது. புதர்கள் சதுரமாக வெட்டி நிறுத்தப்பட்டிருக்கின்றன. பட்டையில் உள்ள பாசியின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே தீட்டப்பட்டிருக்கிறது. வழக்கமாக ஒரு பின்னணியை ஒரு நாளில் முடித்துவிடும் கூடத்தில், எர்லின் பின்னணி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்துக்கு மேலும் ஆனது.

படம் பிடித்த முறையும் இதற்கேற்றதே. சூப்பர் டெக்னிராமா 70 என்னும் அந்த முறையில் 35 மி.மீ. படச்சுருள் படப்பெட்டிக்குள் பக்கவாட்டில் ஓடும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் வழக்கமான அளவைப்போல் இருமடங்குப் பரப்பு கிடைக்கும். அதிலிருந்து 70 மி.மீ. பிரதிகள் எடுக்கப்பட்டன. அவ்வளவு பெரிய திரையில் மங்கலான கோடோ அவசரமான நிறமோ ஒளிந்துகொள்ள இடமில்லை.

இப்போது அரோராவுக்கு வருகிறேன். டாம் ஓரெப் இப்பின்னணிக்குப் பொருந்தும்படி கதாபாத்திரங்களையும் செங்குத்துக் கோடுகளில் வடிவமைத்தார். மார்க் டேவிஸ் அரோராவையும் மலெஃபிசென்டையும் வரைந்தார். அரோராவின் கூந்தல் சுருளும் உடையின் மடிப்பும் அலங்காரக் கோடுகளாக வரையப்பட்டவை. அத்தகைய உருவத்தை மெல்ல நகர்த்தலாம், நடனமாட வைக்கலாம். தடுமாறவோ முகம் கோணிச் சிரிக்கவோ வைத்தால் அந்தக் கோடு உடைந்துவிடும். அவள் அமைதியாக இருப்பதற்கு எழுத்து மட்டும் காரணமன்று, அவள் வாழும் ஓவியமும் காரணம் என்பதே என் கருத்து. இதைக் குறை என்று சொல்வது வெண்திரையின் உரிமை. நான் இதை அந்த ஓவியத்துக்காகக் கொடுக்கப்பட்ட விலை என்று கொள்கிறேன். அந்த விலை தகும் என்றும் கருதுகிறேன்.

நிழலாட்டம் எழுதியது:

ஒரு வேண்டுகோள். நம்மில் பலரும் இந்தப் படத்தை முதலில் பார்த்தது பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவத்துக்காக இரு ஓரங்களும் வெட்டப்பட்ட வீடியோ நாடாவில்தான். தூரிகை சொல்லும் எதையும் அந்தப் பிரதியில் காண முடியாது. குழந்தையின் பெயர்சூட்டு விழாவுக்கு மக்கள் கொடிகளோடு அணிவகுத்துச் செல்லும் தொடக்கக் காட்சி ஒரு சுவரோவியம்போல் பக்கவாட்டில் விரியும்படி அமைக்கப்பட்டது. வெட்டிய பிரதியில் அது சாதாரண ஊர்வலமாகிவிடுகிறது. 2008இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட பிரதி 2.55:1 என்ற முழு அகலத்தில் உள்ளது. விவாதத்தில் சேர விரும்புவோர் அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

சுருதி எழுதியது:

இசையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! அரோரா பேசுவதில்லை என்கிறீர்கள், அவள் பாடுகிறாள். காட்டில் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் நடுவே அவள் பாடும் பகுதியில் அவளுடைய ஏக்கம், விளையாட்டுத்தனம், தனிமை அனைத்தும் குரலில் வந்துவிடுகின்றன. குரல் கொடுத்த மேரி கோஸ்டா பின்னாளில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் பாடியவர்.

ஜார்ஜ் பிரன்ஸ் சைக்கோவ்ஸ்கியின் பாலே இசையைப் படத்துக்கேற்ப மாற்றியமைத்தார். இந்த முடிவுக்கு முன் படத்துக்கென்று வேறு பாடல்கள் எழுதப்பட்டிருந்தன. பாலே இசையே போதும் என்று தீர்மானித்தபின் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. அதனால்தான் டிஸ்னியின் மற்ற படங்களைப்போல் இதில் பத்து நிமிடத்துக்கொரு பாடல் வருவதில்லை. காட்டில் இருவரும் ஆடும் பாடலின் மெட்டு, பாலேயின் முதல் அங்கத்தில் கிராமத்தினர் மலர்மாலைகளோடு ஆடும் வால்ட்ஸ்.

பிரன்ஸின் துணிச்சலான தேர்வு வேறோரிடத்தில் இருக்கிறது. மலெஃபிசென்டின் பச்சை ஒளி அரோராவை மயக்கி, இருண்ட படிக்கட்டின் வழியே ராட்டையிடம் இழுத்துச் செல்லும் காட்சியில் ஒலிப்பது, பாலேயின் இறுதியில் திருமண விருந்தில் காலணி அணிந்த பூனையும் வெள்ளைப் பூனையும் செல்லச் சண்டையிட்டு ஆடும் வேடிக்கைப் பகுதி. பூனைகளின் சீண்டலுக்காக எழுதப்பட்ட அதே சுரங்களை வேகம் குறைத்து, நிழல் படிந்த இசைக்கருவிகளில் ஒலிக்கவைத்துக் குலைநடுங்கச் செய்திருக்கிறார். பாலேயைக் கேட்டுவிட்டு இந்தக் காட்சியைப் பார்ப்பவர்களுக்கு அச்சம் இரட்டிப்பாகும். பிரன்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. நியாயமாக அவருக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்.

வெண்திரை எழுதியது:

சுருதி சொன்ன படிக்கட்டுக் காட்சியை நான் மறுக்கமாட்டேன். அதைவிட அச்சமூட்டும் காட்சி டிஸ்னி படங்களில் அரிது. ஆனால் அங்கும் அரோரா நடத்திச் செல்லப்படுகிறாள். எந்தக் காட்சியிலும் அவள் தானாக ஒரு முடிவெடுப்பதில்லை என்ற என் குறை அப்படியே நிற்கிறது.

தூரிகை அவர்களுக்கு ஒரு கேள்வி. ஓவியத்துக்காக விலை கொடுத்தார்கள் என்கிறீர்கள். அந்த விலையைச் செலுத்தியவர்கள் யார்? படத்துக்கு ஏறத்தாழ 60 லட்சம் டாலர் செலவானது. அதுவரை அந்நிறுவனம் எடுத்த எந்த அசைவூட்டப் படத்துக்கும் இவ்வளவு செலவானதில்லை. கதை வேலை 1950களின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனால் வால்ட் டிஸ்னியின் கவனம் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்திலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் இருந்ததால், அவருடைய ஒப்புதலுக்காக வேலை மீண்டும் மீண்டும் தேங்கி நின்றது. பூங்காவின் கோட்டைக்கு இந்த இளவரசியின் பெயரைச் சூட்டி, அதற்குள் சுற்றிப் பார்க்கும் வழியையும் 1957இல் திறந்துவிட்டார்கள். படம் வந்ததோ அதற்கும் பிறகு. முதல் வெளியீட்டில் முதலீடு திரும்பவில்லை. அடுத்து அசைவூட்டப் பிரிவில் பலர் வேலை இழந்தார்கள். அடுத்த முழுநீளப் படமான '101 டால்மேஷன்கள்' 1961இல் வந்தபோது, பென்சில் கோட்டை நேரடியாகச் 'செல்' எனப்படும் ஒளிபுகும் தாளில் பதிக்கும் ஜெராக்ஸ் முறை வந்துவிட்டது. கோடு கோடாகக் கையால் மையிட்டு வந்த பெண்களின் கலை அத்தோடு முழுநீளப் படங்களிலிருந்து விலகிப்போனது. தேவதைக் கதையை அந்நிறுவனம் மீண்டும் தொட்டது 1989இல், 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தில்தான். முப்பது ஆண்டுகள்!

தூரிகை எழுதியது:

வெண்திரை தரும் தகவல்கள் அனைத்தும் சரியே. பணியாளர்கள் இழந்ததை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் ஜெராக்ஸ் முறை செலவைக் குறைப்பதற்காக எப்படியும் வந்திருக்கும். கைமையிட்ட கோட்டின் கடைசிப் பெரும் படைப்பு இவ்வளவு முழுமையாக அமைந்ததே என்பதில்தான் எனக்கு மனநிறைவு. மெர்ரிவெதரின் நீல உடையின் விளிம்பு நீலத்தின் அடர்ந்த சாயலிலும், ஃப்ளோராவின் உடை விளிம்பு சிவப்பின் சாயலிலும் மையிடப்பட்டிருப்பதைப் பாருங்கள். கறுப்புக் கோடு ஒன்றே உருவங்களைச் சூழும் பிற்காலப் படங்களில் அந்த மென்மை கிடையாது.

கலைஞர்களிடையே எதிர்ப்பும் இருந்தது. தங்கள் கதாபாத்திரங்கள் எர்லின் நுணுக்கமான பின்னணிகளோடு போட்டியிட வேண்டியிருக்கிறது என்று அசைவூட்டக் கலைஞர்கள் பலர் குறைபட்டார்கள். தலைமை இயக்குநர் கிளைட் ஜெரோனிமிக்கும் எர்லுக்கும் ஒத்துப்போகவில்லை. படம் முடியுமுன், 1958இல், எர்ல் நிறுவனத்தை விட்டு விலகினார்.

அந்த உலகில் முழு உயிரோடு நிற்கும் ஒரே உருவம் மலெஃபிசென்ட். நீண்ட உரை நிகழ்த்தும் பாத்திரத்தை அசைவூட்டுவது கடினம். எதிரில் நிற்பவரோடு உரசல் இருந்தால்தான் நடிப்பு பிறக்கும். அவளுடைய காக்கை அந்த இடைவெளியை நிரப்புகிறது. அவள் அதைத் தடவிக்கொடுத்துப் பேசும்போது பேச்சுக்கு ஒரு செவி கிடைத்துவிடுகிறது. 'சிண்டரெல்லா'வில் சிற்றன்னைக்குக் குரல் கொடுத்த எலினார் ஆட்லியே இவளுக்கும் குரல் கொடுத்தார். அவர் குரலை உயர்த்துவது மிகக் குறைவு. அதனால் உயர்த்தும்போது அரண்மனையே அதிர்கிறது.

பழங்கதை எழுதியது:

இந்த உரையாடல் என் முதல் கேள்விக்கு நான் எதிர்பாராத திசையிலிருந்து விடை கொண்டுவருகிறது. மீண்டும் மூலக்கதைகளுக்குச் செல்கிறேன், ஏனெனில் மாற்றங்களின் தன்மை அங்கேதான் புலப்படும்.

கிரிம் கதையில் மன்னனிடம் பன்னிரண்டு பொன் தட்டுகளே இருந்ததால் பதின்மூன்றாமவள் அழைக்கப்படவில்லை. பெரோவின் கதையில் கிழத் தேவதை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோபுரத்தை விட்டு வெளியே வராததால் அவள் இறந்துவிட்டாள் என்று எண்ணிவிடுகிறார்கள். படத்தில் காரணமே இல்லை. உன்னை யாரும் விரும்பவில்லை என்று மெர்ரிவெதர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அவமானம் இன்னும் ஆழமாகிறது.

முட்புதரைப் பாருங்கள். பெரோவின் கதையில் நல்ல தேவதையே இளவரசியைக் காப்பதற்காக மரங்களையும் முள்ளையும் வளர்க்கிறாள். உரிய காலத்தில் உரியவன் வரும்போது அவை தாமே விலகி வழிவிடுகின்றன. படத்தில் அந்த முட்காட்டை எழுப்புபவள் மலெஃபிசென்ட். பிலிப் அதை வாளால் வெட்டிக்கொண்டு முன்னேற வேண்டியிருக்கிறது. பெரோவில் முத்தமே கிடையாது. சாபத்தின் காலம் முடிவதால் அவள் விழிக்கிறாள். காலம் செய்த வேலையைப் படத்தில் வாள் செய்கிறது. இந்த மாற்றம் எனக்கு உவப்பானதன்று.

ஆனால் இன்னொரு மாற்றத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பெரோவின் கதையில் மகள் உறங்கியதும் மன்னனும் அரசியும் மட்டும் உறக்கத்தில் ஆழ்த்தப்படுவதில்லை. அவர்கள் அவளை முத்தமிட்டுவிட்டுக் கோட்டையை விட்டு வெளியேறுகிறார்கள். அவள் விழிக்கும்போது அவர்கள் உயிரோடு இருக்கப்போவதில்லை. பெற்றோரின் இந்த இழப்பைப் படம் முன்னுக்கு நகர்த்திவிட்டது. குழந்தையைத் தேவதைகளிடம் கொடுத்து அனுப்பும் ஸ்டீஃபன் மன்னரும் அரசியும் அவள் வளரும் பதினாறு ஆண்டுகளை இழக்கிறார்கள். தேவதைகள் அதே பதினாறு ஆண்டுகளுக்குத் தம் மந்திரத்தையும் சிறகுகளையும் துறந்து, விறகு வெட்டியின் குடிலில் மனிதப் பெண்களாக வாழ்கிறார்கள். நூறு ஆண்டுகள் முற்றிலும் காணாமல் போகவில்லை. உறங்குபவளிடமிருந்து எடுத்து, அவளை நேசித்தவர்கள் தலையில் பதினாறாகச் சுமத்தியிருக்கிறார்கள்.

இறுதியில் அவள் உறங்கிவிட்டதை அறிந்த தேவதைகள், பெற்றோர் துயரப்படக்கூடாது என்பதற்காகவே அரண்மனை முழுவதையும் உறங்கவைக்கிறார்கள். கிரிம் கதையில் அந்த உறக்கம் சாபத்தோடு தானாகவே பரவுகிறது. படத்தில் அது இரக்கத்தால் எடுக்கப்பட்ட முடிவு. அங்கே எனக்குக் கண் கலங்கும்.

நிழலாட்டம் எழுதியது:

அந்தப் பதினாறு ஆண்டுகள் வீணாவது ஓர் உடையின் நிறத்தால் என்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். பிறந்தநாளுக்குக் கேக்கும் உடையும் மந்திரமின்றிச் செய்யத் தெரியாமல் கடைசி நாளில் மந்திரக்கோல்களை எடுக்கிறார்கள். உடை இளஞ்சிவப்பா நீலமா என்ற சண்டையில் மந்திரப் பொறிகள் புகைபோக்கி வழியே வானில் பறக்கின்றன. அதைத்தான் காக்கை பார்த்துவிடுகிறது. ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் இந்த மூவரையும் வரைந்த விதத்தில், சண்டையின் ஒவ்வொரு அசைவிலும் மூவருக்கும் வெவ்வேறு வயதும் குணமும் தெரியும். வெறுப்பினால் அன்றி, வளர்த்த பிள்ளைக்கு நல்லதாக ஒன்று கொடுக்க வேண்டும் என்ற ஆசையினால் இரகசியம் வெளிப்படுகிறது.

வெண்திரை எழுதியது:

பழங்கதையும் நிழலாட்டமும் எழுதியதைப் படித்தபின் படத்தின் பெற்றோர்மீதும் தேவதைகள்மீதும் என் மதிப்பு உயர்ந்திருக்கிறது. ஆனால் அதே வாதம் என் குறையையும் வலுப்படுத்துகிறது. காலம் அவளை நேசித்தவர்கள்மீது விழுந்தது என்றால், அவர்கள் இழந்தது எதை என்று காட்டுவதற்கேனும் அவளுக்கும் தாய்க்கும் இடையே ஓர் உரையாடல் தேவை. பதினாறு ஆண்டுகளின் கணக்கு ஒரே ஒரு தழுவலில் தீர்க்கப்படுகிறது. அங்கே அரை நிமிடம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், தூரிகை வியக்கும் எந்த மரமும் தன் அழகை இழந்திருக்காது.

தூரிகை எழுதியது:

அந்த அரை நிமிடத்தை நானும் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மீண்டும் பார்க்கும்போது, அதற்கு முந்தைய காட்சி ஒன்றைக் கவனியுங்கள். தேவதைகள் அவளை அரண்மனை அறைக்கு அழைத்துவந்து தலையில் மகுடம் சூட்டுகிறார்கள். அவள் மேசையில் தலை கவிழ்ந்து அழுகிறாள். மூவரும் அவளைத் தனியே விட்டு வெளியே போகிறார்கள். எரிக் லார்சன் இயக்கிய காட்டுப் பகுதியில் அவளைச் சுற்றி இலையும் ஒளியும் விலங்குகளும் நிறைந்திருந்தன. இந்த அறையில் கல் சுவரும் கண்ணாடியும் அணைந்துகொண்டிருக்கும் கணப்படுப்பும்தாம். அவளுக்கு வசனம் இல்லை என்பது உண்மை. அவள் இழந்ததை அந்த இரு பின்னணிகளையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்ல எர்லுக்கு முடிந்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வெண்திரை தம் கருத்தை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.